பத்தாண்டு அவகாசம்

புற்றுநோயில் இறந்துபோன ஒருவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: "முன்னாடியே பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்." கூடியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் முன்னாடி என்றால் எப்போது? நான்கு மாதத்துக்கு முன்புவரை அவர் நன்றாகத்தானே இருந்தார்? வேலைக்குப் போனார், சமைத்தார், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறினார். வலியே இல்லாத ஒருவருக்குள் எதை, எப்படிப் பார்த்திருக்க முடியும்? பார்த்திருந்தால் மட்டும் நோய் ஏன் கட்டுப்பட்டிருக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு எல்லாப் புற்றுநோய்களுக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. ஆகவே ஒரே ஒரு புற்றுநோயை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். கருப்பை வாய்ப் புற்றுநோய் அதற்குத் தோதானது. அது எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது, எந்த இடத்தில் திரும்பி வரமுடியாத கட்டத்தை எட்டுகிறது என்பதெல்லாம் வேறு எந்தப் புற்றையும்விடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்திருந்தும், 2022இல் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு அது புதிதாக வந்ததாகவும், கிட்டத்தட்ட 80,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் சொல்கின்றன.

சவ்வுக்கு மேலே, சவ்வுக்குக் கீழே

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடமே கருப்பை வாய். அதன் வெளிப்பரப்பைச் செல்களால் ஆன ஒரு போர்வை மூடியிருக்கிறது. இதை மேற்படலம் என்போம். செல்கள் அடுக்கடுக்காக இருந்தும் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. அடி அடுக்கில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. புதியவை மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துபோகின்றன.

இந்தப் படலத்துக்குக் கீழே, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மெல்லிய தகடு ஒன்று விரிந்திருக்கிறது. அதன் பெயர் அடித்தளச் சவ்வு. ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இந்தச் சவ்வுக்குக் கீழேதான் ஓடுகின்றன. மேற்படலத்துக்குள் ஒரு குழாய்கூடக் கிடையாது. அங்குள்ள செல்களுக்கு உணவும் ஆக்சிஜனும் கீழிருந்து கசிந்துதான் வந்து சேர்கின்றன.

இதன் விளைவைக் கவனியுங்கள். மேற்படலத்தில் சில செல்கள் தறிகெட்டுப் பெருகத் தொடங்கினாலும், சவ்வுக்கு மேலே இருக்கும்வரை அவற்றால் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போக முடியாது. போவதற்கு வழியே இல்லை. ரத்தக் குழாயைத் தொடாததால் ரத்தக் கசிவில்லை. ஆழமான திசுவை அரிக்காததால் வலியும் இல்லை. நோய் சத்தமில்லாமல் இருப்பதற்கும் அது எளிதில் குணமாவதற்கும் காரணம் ஒன்றே: அது இன்னும் சவ்வைத் தாண்டவில்லை.

சில செல்கள் சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து கீழே இறங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அதன் பிறகே மருத்துவர்கள் அதைப் 'புற்றுநோய்' என்று பதிவுசெய்வார்கள். அதற்கு முந்தைய கட்டத்துக்கு முன்புற்று நிலை என்று பெயர்.

வைரஸ் எடுத்துக்கொள்ளும் காலம்

அந்தச் செல்கள் ஏன் தறிகெடுகின்றன? கருப்பை வாயின் வெளிப்பக்கம் தட்டையான செல்களாலும், உள்வழி உயரமான செல்களாலும் ஆனது. இரண்டும் சந்திக்கும் வளையத்தில், பருவ வயதிலிருந்தே ஒருவகைச் செல்கள் மறுவகையாக மாறிக்கொண்டிருக்கும். இந்த உருமாறும் பகுதியில் பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்.பி.வி., எளிதில் குடியேறுகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இலும் 1984இலும் இந்த வைரஸின் 16, 18ஆம் வகைகளைக் கருப்பை வாய்ப் புற்றில் கண்டுபிடித்தது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புற்றுகளில் சுமார் 70 விழுக்காட்டுக்கு அந்த இரண்டு வகைகளே காரணம்.

பாலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ் மிகமிகச் சாதாரணமானது. பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே விரட்டிவிடுகிறது. தங்கிவிடும் சிலரிடம் மட்டுமே சிக்கல். செல் கண்டபடி பிரியாமல் பார்த்துக்கொள்ளும் இரண்டு காவல் புரதங்களை வைரஸ் முடக்கிவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு பிரிவிலும் மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சவ்வை உடைக்கும் திறன் வருவதற்கு இப்படிப் பல பிழைகள் ஒரே செல்லில் கூட வேண்டும். அதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

ஆக, 'முன்னாடி' என்பது இந்தப் புற்றில் வாரக்கணக்கு இல்லை. பெரும்பாலோருக்குக் குறைந்தது ஒரு பத்தாண்டு அவகாசம் கிடைக்கிறது.

சும்மா விட்டால் என்ன ஆகும்?

முன்புற்று நிலை எல்லோரிடமும் புற்றாக மாறுமா? இதற்குத் துல்லியமான பதில் நம்மிடம் உண்டு. ஆனால் அது கிடைத்த வழி மருத்துவ வரலாற்றின் கறுப்புப் பக்கங்களில் ஒன்று.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு மருத்துவர், கடுமையான முன்புற்று நிலைகூடப் புற்றாக மாறாது என்று நம்பினார். 1960களின் நடுவில் தொடங்கிப் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல், கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார். தாங்கள் ஒரு பரிசோதனைக்கு உட்பட்டிருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இருவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதை வெளிப்படுத்தினார்கள். நீதி விசாரணை நடந்தது. நாட்டின் நோயாளி உரிமைச் சட்டங்கள் மாறின.

அந்த மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்த ஒரு குழு 2008இல் முடிவுகளை வெளியிட்டது. சிறு சதைத் துணுக்கு மட்டும் எடுக்கப்பட்டு, வேறு சிகிச்சை தரப்படாத பெண்களில் 31 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்று வந்திருந்தது. தொடக்கத்திலேயே முறையான சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை: 0.7 விழுக்காடு.

இந்த எண்களை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். முப்பத்தொன்றை 0.7 ஆக்கியது ஒரு சிறிய சிகிச்சை. அதே சமயம், சிகிச்சை இல்லாமலே மீதி 69 விழுக்காட்டினருக்கு அந்தக் காலத்துக்குள் புற்று வரவில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாததால் எல்லோருக்கும் சிகிச்சை தர வேண்டியிருக்கிறது. தேவைப்படாத பலரும் அதில் அடக்கம். அந்தச் சிகிச்சை எளிதாக இருப்பதால்தான் இதை நியாயப்படுத்த முடிகிறது.

வினிகர் காட்டிக்கொடுக்கிறது

வலியில்லாத, கட்டி இல்லாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? உதிரும் செல்களைத் தேடிப் பார்ப்பது ஒரு வழி. கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் ஆய்வுசெய்த ஜார்ஜ் பாப்பனிகோலா இதை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது பாப் ஸ்மியர் எனப்படுகிறது. பணக்கார நாடுகளில் இந்தப் புற்றின் சாவுகளை வெகுவாகக் குறைத்தது இதுதான். ஆனால் கண்ணாடிச் சில்லில் தடவிய செல்களைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், ஆய்வகம் வேண்டும். முடிவு வர நாளாகும். அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

இன்னொரு வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. மூன்று முதல் ஐந்து விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் அளவுக்கான கரைசலை, பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். முன்புற்று நிலையில் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'வி.ஐ.ஏ. பரிசோதனை' என்று சொல்வது இதைத்தான்.

ஏன் வெளுக்கிறது? தறிகெட்ட செல்களின் உட்கரு பெரியது. அதில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம், சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதுபோல, ஒளிபுகாமல் திரள்கிறது. அவித்த முட்டை பழைய நிலைக்குத் திரும்பாது. இந்த வெண்மையோ சில நிமிடங்களில் மறைந்துவிடும். நல்ல செல்களில் புரதம் குறைவாக இருப்பதால், அடியில் ஓடும் ரத்தத்தின் இளஞ்சிவப்பு அப்படியே தெரிகிறது.

திண்டுக்கல் கணக்கு

இவ்வளவு எளிய சோதனை உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுமா? இதை அறிய 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய ஆய்வொன்று தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணனும், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூகநல மருத்துவமனை மருத்துவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மறுபாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. சோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

அழைக்கப்பட வேண்டியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343. வெள்ளைத் திட்டு தெரிந்தது 3,088 பேருக்கு. அவர்களில் 3,052 பேரின் கருப்பை வாயைக் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சதைத் துணுக்கு எடுத்து உறுதிசெய்தார்கள். முன்புற்று மாற்றம் இருந்தது 1,874 பேருக்கு. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு.

இதை ஆயிரம் பெண்கள் உள்ள ஒரு பெரிய கிராமமாகச் சுருக்கிக்கொள்வோம். ஆயிரம் பேரை அழைத்தால் 636 பேர் வருகிறார்கள். 63 பேருக்கு வெள்ளைத் திட்டு. அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அடுத்த பரிசோதனையையும் முடிக்கிறார்கள். 38 பேருக்கு உண்மையான மாற்றம், அதிலும் பெரும்பாலானவை இலேசான வகை. சிகிச்சை பெறுகிறவர்கள் 27 பேர். ஓட்டை விழுந்த இடங்கள் இரண்டு: வராத 364 பேர் ஒன்று, நோய் தெரிந்தும் சிகிச்சை பெறாத 11 பேர் மற்றொன்று. வெள்ளைத் திட்டு தெரிந்தும் மாற்றம் இல்லாத இருபத்தைந்து பேரின் வீண் கவலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிகிச்சை என்ன? பெரும்பாலும் கிரையோதெரபி, அதாவது உறைய வைத்து அழித்தல். வாயுவால் குளிர்விக்கப்பட்ட உலோக முனையைக் கருப்பை வாயில் வைத்து மூன்று நிமிடம் உறைய விடுவார்கள். ஐந்து நிமிடம் இளக விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறைய வைப்பார்கள். செல்களுக்குள் பனிப் படிகங்கள் உண்டாகி அவை சிதைகின்றன. மயக்க மருந்து வேண்டாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். புண் பெரிதாகவோ உள்வழிக்குள் நீண்டோ இருந்தால், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் அரிந்தெடுப்பார்கள்.

ஏழு ஆண்டுகளில், அழைக்கப்பட்ட பகுதிகளில் புற்று வருவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தது. இத்தனை ஓட்டைகளோடு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனையின் விளைவு இது. முடிவுகள் 2007இல் 'லான்செட்' இதழில் வெளியாயின.

ஆனாலும் கண்ணை நம்பும் சோதனைக்கு எல்லை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு உருமாறும் பகுதி உள்ளே போய்விடுவதால் பார்க்கவே கிடைக்காது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தும் முடிவு மாறும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சுமார் 1,31,000 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் வினிகர் சோதனையால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஆனால் வைரஸின் மரபணுவை நேரடியாகத் தேடும் ஹெச்.பி.வி. சோதனை, ஒரே முறை செய்தும், எட்டு ஆண்டுகளில் இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. 2009இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு பல நாடுகளில் ஹெச்.பி.வி. சோதனைக்கே முன்னுரிமை.

சவ்வைத் தாண்டினால்

சவ்வைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இனிமேல் மில்லிமீட்டர்கள் பேசும். சவ்விலிருந்து மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நின்றிருந்து, அருகிலுள்ள குழாய்களுக்குள் நுழையாமலும் இருந்தால், நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு, கருப்பை வாயிலிருந்து கூம்பு வடிவில் ஒரு துண்டை அகற்றினால் போதும். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்: கருப்பையையும், சுற்றியுள்ள திசுவையும், இடுப்பு நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பது. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்குப் பெரும்பாலும் கத்தி இல்லை. கதிர்வீச்சும் கூடவே வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்தும் தருவார்கள்.

சிறிய கட்டிக்கு எவ்வளவு வெட்டினால் போதும் என்ற தேடல் தொடர்கிறது. பிரான்சின் லியோன் நகரில் டானியல் டார்ஜான் என்ற அறுவை நிபுணர் கருப்பை வாயை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காப்பாற்றும் முறையை 1980களின் பிற்பகுதியில் தொடங்கினார். அதன் பிறகும் பெண்கள் குழந்தை பெற்றார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத, ஆபத்துக் குறைந்த கட்டிகளில், சுற்றுத்திசுவை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தாலும் போதும் என்று காட்டியது. மூன்று ஆண்டுகளில் இடுப்பில் நோய் திரும்பியவர்கள் பெரிய அறுவையில் 2.2 விழுக்காடு, சிறிய அறுவையில் 2.5 விழுக்காடு. சிறுநீர்த் தொல்லைகள் மட்டும் சிறிய அறுவையில் குறைந்தன.

ஆனால் சிறியதெல்லாம் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. வயிற்றைத் திறக்காமல் துளைகள் வழியே செய்யும் அறுவை மேலானது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2018இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், நாலரை ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் துளை வழி அறுவையில் 86 விழுக்காடு. வயிற்றைத் திறந்து செய்ததில் 96.5. சோதித்துப் பாராத நம்பிக்கைக்கு மருத்துவத்தில் இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

முன்கூட்டிப் பார்ப்பதே வினையாகும்போது

அப்படியானால் எல்லாப் புற்றையும் இப்படித் தேடிப் பிடித்துவிடலாமே? தென்கொரியா அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே 1999இல் தேசியப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் தொடங்கியபோது, பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கூடுதலாகச் சிறு தொகை வாங்கிக்கொண்டு கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தன. 2011இல் தைராய்டு புற்று என்று சொல்லப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. அதனால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை சாகும்வரை ஒன்றும் செய்யாத சிறு கட்டிகள். ஆனால் அறுவை நடந்தது. பலர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது.

ஜப்பான் 1985 முதல் ஆறுமாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றைத் தேடியது. சோதனையில் சிக்கியவை பெரும்பாலும் தாமாகவே சுருங்கிவிடும் வகை. குழந்தைகளைக் கொல்லும் வேகமான வகை சோதனைக்குப் பிறகு முளைத்து முந்திக்கொண்டது. 2004இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

இதில் ஒரு கணக்குப் பொறியும் இருக்கிறது. ஒரு பெண் 60 வயதில் இறக்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நோய் 58இல் தெரிந்தால், அதன்பின் அவள் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகள். 53இல் தெரிந்து, சிகிச்சையால் பலனே இல்லாமல் அதே 60இல் இறந்தால், ஏழு ஆண்டுகள். 'ஐந்தாண்டு பிழைப்பு' என்ற அளவுகோல் இரண்டாவதை வெற்றி என்று காட்டும். அவளுக்கு ஒரு நாள்கூட ஆயுள் கூடவில்லை. நோயாளியாக இருந்த ஆண்டுகள் மட்டும் கூடின. அதனால்தான் பிழைத்த ஆண்டுகளை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் செய்ததுபோல, இரண்டு ஒத்த குழுக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டியிருக்கிறது.

எந்தச் சோதனைக்கும் மூன்று கேள்விகள்

முழு உடல் பரிசோதனை விளம்பரங்கள் பெருகிவிட்ட காலத்தில், எந்தச் சோதனையைப் பார்த்தாலும் மூன்றைக் கேட்கலாம். அந்தப் புற்று, கண்ணுக்குத் தெரிவதற்கும் பரவுவதற்கும் நடுவே போதிய அவகாசம் தருகிறதா? அந்த இடைவெளியில் தரும் சிகிச்சை, நோயைவிடச் சிறிய துன்பமா? சோதிக்கப்பட்டவர்களிடையே சாவு குறைந்தது என்று ஒப்பீட்டு ஆய்வில் தெரிந்திருக்கிறதா? கருப்பை வாய்ப் புற்று மூன்றுக்கும் ஆம் என்கிறது. கொரியாவின் தைராய்டு ஸ்கேன் முதல் கேள்வியைத் தாண்டியும் மற்ற இரண்டில் விழுந்தது. ஜப்பானின் சிறுநீர்ச் சோதனை முதல் கேள்வியிலேயே தோற்றது.

கருப்பை வாய்ப் புற்றை ஒழிக்க உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு இது: 2030க்குள், 15 வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி; 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையுமாக 70 விழுக்காடு பெண்களுக்கு நம்பகமான சோதனை; நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள் ஒரு முறையாவது இந்தச் சோதனை செய்துகொண்ட பெண்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு.

ஹெச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே குச்சிப் பஞ்சால் எடுத்துக் கொடுக்கலாம் என்பதால், கூச்சம் காரணமாக வராதவர்களை எட்ட இப்போது வழி இருக்கிறது. கடினமானது அடுத்த படி. சோதனையில் ஏதோ தெரிந்த பெண்ணுக்கு வலி இல்லை, வேலை இருக்கிறது, கூட வர ஆள் இல்லை. அவள் சிகிச்சைக்குத் திரும்பி வராவிட்டால் அதற்கு முன் செய்த அத்தனையும் வீண். எந்த மாவட்டத்திலும் சோதனைத் திட்டத்தை அளக்க வேண்டிய எண், எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதற்கு அடுத்ததாக வருகிறது: நோய் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சையை முடித்து அனுப்பினோம்?